மாநாட்டு அரங்கும் இயக்கக் களமும்: நகரத் திட்டமிடல் அறிஞர் பீட்டர் மார்க்யூஸின் இடதுசாரி ஈடுபாடு

1. வினா

பீட்டர் மார்க்யூஸ் (1928–2022) நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1975 முதல் நகரத் திட்டமிடல் கற்பித்தவர். வீட்டுவசதி, குடியிருப்போர் இடம்பெயர்க்கப்படுதல், நகரப் பிரிவினை பற்றிய அவருடைய ஆய்வுகள் பல நாடுகளில் பாடமாக வாசிக்கப்படுகின்றன. இடதுசாரி மாநாடுகளோடும் மன்றங்களோடும் அவருக்கு இருந்த நீண்ட தொடர்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அவர் அந்த அரங்குகளில் பேசினார். சிலவற்றை நடத்த உதவினார். மாநாடு என்ற வடிவம் அரசியலில் எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாது என்பதைத் தனி ஆய்வுப் பொருளாகவும் எடுத்துக்கொண்டார்.

திட்டமிடல் அறிஞர் ஒருவர் அரசியல் மாநாட்டில் பங்கேற்பதை இரு விதமாக மதிப்பிடுவது வழக்கம். திட்டமிடல் ஒரு தொழில்நுட்பத் துறை, கட்சி சார்ந்த மேடை அதன் நடுநிலையைக் குலைக்கும் என்பது ஒரு தரப்பு. மேடையில் நிற்பதே அரசியல் செயல்பாடு, அறிஞரின் கடமை அத்தோடு நிறைவேறுகிறது என்பது மறுதரப்பு. மார்க்யூஸ் இந்த இரண்டிலும் சேராதவர். அரங்குக்கு வெளியே இருப்போரின் கையில் என்ன சேர்கிறது என்பதே அவருக்கு மாநாட்டின் அளவுகோல். இந்த அளவுகோல் திட்டமிடல் துறையிலிருந்தே அவருக்குக் கிடைத்தது. திட்டத்தை நிறைவேற்றுவது யார், பயன் யாருக்கு, இழப்பு யாருக்கு என்ற வழக்கமான கேள்விகளை அவர் மாநாட்டின் மீதும் திருப்பினார். இந்த அளவுகோலின் வலிமையையும் போதாமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. துறையின் பிறப்பில் ஒரு மாநாடு

அமெரிக்காவில் நகரத் திட்டமிடல் ஒரு துறையாக உருப்பெற்றதில் மாநாடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1909 மே மாதம் வாஷிங்டனில் முதல் தேசிய நகரத் திட்டமிடல் மாநாடு கூடியது. அதைக் கூட்டுவதில் முன்னின்ற பெஞ்சமின் மார்ஷ், நியூயார்க்கில் மக்கள் நெரிசலை எதிர்த்து இயங்கிய குழுவின் செயலாளர். காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்கு வாடகைக் குடியிருப்புகளில் குடியேறிய தொழிலாளர்கள் அடைபட்டுக் கிடந்ததற்கு நில ஊகவாணிபமே காரணம் என்பது அவருடைய கணிப்பு. நிலமதிப்பின் உயர்வுக்கு வரி விதிக்க வேண்டும், நிலப்பயன்பாட்டை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்று அவர் கோரினார். பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் நிலவரிக் கொள்கையும் ஜெர்மன் நகரங்களின் மண்டல ஒழுங்குமுறையும் அந்தக் கோரிக்கைக்குப் பின்னணியாக இருந்தன.

அதே அவையில் நிலவடிவமைப்பாளர் இளைய ஃபிரெட்ரிக் லா ஓம்ஸ்டெட் போன்றோரும் இருந்தனர். சாலை, பூங்கா, பொதுக்கட்டடம் ஆகியவற்றின் ஒழுங்கான அமைப்பே அவர்களுடைய முதன்மை அக்கறை. சில ஆண்டுகளில் மார்ஷ் ஓரங்கட்டப்பட்டார். மாநாட்டின் பெயரோடு சேர்ந்திருந்த 'நெரிசல்' என்ற சொல் கழன்றது. லாரன்ஸ் வெய்லர் 1910இல் தொடங்கிய தேசிய வீட்டுவசதிச் சங்கத்தின் வழியே வீட்டுவசதி தனித் துறையாகப் பிரிந்து சென்றது. 1916இல் நியூயார்க் நகரம் மண்டல விதிகளை இயற்றியபோது அதற்கு வலுவான ஆதரவு தந்தவர்களில் ஐந்தாவது அவென்யூ வணிகர்கள் முக்கியமானவர்கள். ஆடைத் தொழிற்கூடங்களும் அவற்றின் தொழிலாளர்களும் தங்கள் கடைத்தெருவை நெருங்கிவிடக் கூடாது என்பது அவர்களுடைய கவலை. நெரிசலால் தவித்தவர்களுக்காக எழுந்த ஒழுங்குமுறைக் கோரிக்கை, சொத்து மதிப்பைக் காக்கும் கருவியாக மாறியது.

இந்தக் கதையை மார்க்யூஸ் 1980இல் நகர வரலாற்று ஆய்விதழ் ஒன்றில், தொடக்ககாலத் திட்டமிடலில் வீட்டுவசதியின் இடம் பற்றிய கட்டுரையாக எழுதினார். தனிமனிதப் பிணக்கு என்று அவர் இதைச் சுருக்கவில்லை. ஒரே அவையில் கூடியவர்களின் நலன்கள் வெவ்வேறாக இருந்தன. எந்தத் தரப்புக்குப் பின்னால் சொத்தும் செல்வாக்கும் நின்றனவோ அதன் நிகழ்ச்சிநிரலே துறையின் நிகழ்ச்சிநிரலாயிற்று என்று விளக்கினார். இடதுசாரி மாநாடுகளைப் பற்றி அவர் பின்னாளில் எழுப்பிய கேள்விகளுக்கான அடித்தளம் இந்த ஆய்விலேயே கிடைக்கிறது. அவையில் எடுத்த முடிவை அவை கலைந்த பின் தாங்கிப் பிடிக்கும் சக்தி எது என்பது அவற்றில் முதன்மையானது.

3. வழக்கறிஞர், மன்ற உறுப்பினர், பேராசிரியர்

மார்க்யூஸ் 1928இல் பெர்லினில் பிறந்தார். தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் மார்க்யூஸ் அவருடைய தந்தை. 1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் குடும்பம் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் குடியேறியது. ஹார்வர்டில் பட்டமும் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டமும் பெற்ற பீட்டர், கனெக்டிகட் மாநிலத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். அம்மாநிலத்தின் வாட்டர்பரி என்ற தொழில்நகரில் நகரமன்ற உறுப்பினராகவும் திட்டக்குழு உறுப்பினராகவும் இருந்தார். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1972இல் முனைவர் பட்டம் பெற்று, லாஸ் ஏஞ்சல்ஸில் கற்பித்த காலத்தில் அந்நகரத் திட்ட ஆணையத்தின் தலைவராகவும் பணியாற்றினார். நியூயார்க்குக்கு வந்த பிறகு மேற்கு ஹார்லெம் பகுதியை உள்ளடக்கிய சமூக வாரியத்தில் வீட்டுவசதிப் பணியில் ஈடுபட்டார்.

இந்த வரிசை அவருடைய மாநாட்டு ஈடுபாட்டைப் புரிந்துகொள்ளத் தேவையானது. தீர்மானம் எப்படி வரையப்படுகிறது, வாக்கு எப்படித் திரள்கிறது, நிறைவேறிய தீர்மானம் அலுவலகக் கோப்பில் எப்படி உறங்குகிறது என்பதையெல்லாம் உள்ளிருந்து கண்டவர் அவர். நல்லெண்ணம் கொண்ட அரசு ஏழைகளுக்காக வீட்டுக் கொள்கை வகுக்கிறது என்ற நம்பிக்கை வெறும் புனைவே என்று 1978இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். குடியிருப்புச் சீர்திருத்தங்களின் வரலாற்றில் அரசின் கருணையை விட, நோய்ப் பரவல் பற்றிய அச்சமும் கலவரம் பற்றிய அச்சமும் கட்டுமான முதலாளிகளின் நலனும் அதிகம் செயல்பட்டன என்பது அவருடைய வாசிப்பு. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, திட்டமிடலாளரின் தொழில்நெறி பணியமர்த்தியவருக்கு உண்மையாக இருப்பதோடு முடிந்துவிடலாகாது என்று எழுதியிருந்தார்.

1980களின் நடுப்பகுதியில் நியூயார்க்கைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு பெரும் தாக்கம் செலுத்தியது. ஒருபுறம் வீடுகள் கைவிடப்பட்டுப் பாழாகின்றன. மறுபுறம் வசதி படைத்தோர் பழைய பேட்டைகளில் புகுந்து வாடகையை உயர்த்துகின்றனர். இவ்விரண்டும் எதிரெதிர்ப் போக்குகள் போலத் தோன்றினாலும், ஏழைகளைப் பெயர்த்தெறிவதில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்று அவர் காட்டினார். கடைசியாகக் குடியிருந்தவர் வெளியேற்றப்படுவது மட்டும் இடப்பெயர்ப்பு ஆகாது. அவருக்கு முன் ஒருவர்பின் ஒருவராக வெளியேற்றப்பட்டவர்களும் கணக்கில் வர வேண்டும். முன்பு எட்டக்கூடியதாக இருந்த வீடு எட்டாமல் போனதால் உள்ளே வர முடியாமல் போன குடும்பங்களும் சேர வேண்டும். சுற்றமும் கடைகளும் மாறுவதால் வெளியேறும் நிர்ப்பந்தத்துக்கு ஆளாவோரும் சேர வேண்டும். இந்த வகைப்பாடு வாடகைக் குடியிருப்போர் அமைப்புகளுக்கும் பயன்பட்டது. அரசுக் கணக்கில் விடுபட்ட இழப்பைச் சுட்டிக்காட்ட அது வழி செய்தது.

4. நியூயார்க்கின் இடதுசாரி அரங்குகள்

அமெரிக்க இடதுசாரி அறிவுலகில் மாநாடுகளுக்குத் தனி மரபு உண்டு. 1950களின் கம்யூனிச எதிர்ப்பு வேட்டை பல்கலைக்கழகங்களைப் பயமுறுத்தி ஓய்ந்த பின், 1965இல் நியூயார்க்கில் முதல் சோஷலிச அறிஞர் மாநாடு கூடியது. மறு ஆண்டு மாநாட்டில் வரலாற்றாசிரியர் ஐசக் டொய்ச்சர் சோஷலிச மனிதன் பற்றி ஆற்றிய உரை தனி வெளியீடாகவும் பரவியது. அந்த முதல் அலை 1970 வாக்கில் அடங்கியது. 1980களின் முற்பகுதியில் சமூகவியலாளர் பொக்டான் டெனிச் முன்னின்று அதே பெயரில் ஆண்டு மாநாட்டைப் புதுப்பித்தார். 2004இல் அமைப்பாளர்களிடையே பிளவு ஏற்பட்டது. பிரிந்து சென்ற தரப்பினர் மறு ஆண்டே 'இடது மன்றம்' என்ற பெயரில் புதிய ஆண்டு மாநாட்டைத் தொடங்கினர்.

இந்த மாநாடுகளின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. ஒரு வார இறுதியில் கல்லூரி வளாகம் ஒன்றில் ஏராளமான இணை அமர்வுகள், பிரபலங்கள் பேசும் சில பொது அமர்வுகள், புத்தகக் கடைகள், துண்டறிக்கைகள். கட்சி மாநாட்டைப் போலப் பிரதிநிதிகளோ, கட்டுப்படுத்தும் தீர்மானமோ கிடையாது. சிதறிக் கிடக்கும் போக்குகள் ஒரே கூரையின் கீழ் சந்திக்க இது உதவியது. ஆனால் திங்கட்கிழமை யார் என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே பொறுப்பேற்பவர் எவருமில்லை. மார்க்யூஸ் இடது மன்ற அமர்வுகளில் பங்கேற்றவர். இந்த வடிவத்தின் இரு பக்கங்களையும் அறிந்தவர்.

இதற்கு இணையாக, திட்டமிடல் துறைக்குள்ளும் ஒரு இடதுசாரி அமைப்பு மரபு வளர்ந்தது. 1964இல் சமவாய்ப்புக்கான திட்டமிடலாளர் அமைப்பு உருவானது. மறு ஆண்டு பால் டேவிடாஃப், திட்டமிடலாளர் வழக்கறிஞரைப் போல ஒடுக்கப்பட்டோர் தரப்பில் நின்று வாதாட வேண்டும் என்று புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் எழுதினார். 1975இல் செஸ்டர் ஹார்ட்மன் தொடங்கிய 'திட்டமிடலாளர் வலைப்பின்னல்' அந்த மரபின் தொடர்ச்சி. மார்க்யூஸ் அதில் நெடுங்காலம் செயல்பட்டார். அதன் இதழிலும் எழுதினார். பொதுவான இடதுசாரி மாநாட்டில் நகரம் பல தலைப்புகளில் ஒன்று. இந்த அமைப்பின் கூட்டங்களிலோ நகரமே மையம். பங்கேற்பாளர்களில் பலர் நகராட்சி அலுவலகங்களிலும் வட்டாரச் சங்கங்களிலும் வேலை செய்பவர்கள். பேசியதை மறுநாளே செய்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது.

1989–90இல் மார்க்யூஸ் கிழக்கு ஜெர்மனியில் ஓராண்டு தங்கிக் கற்பித்தார். பெர்லின் சுவர் வீழ்ந்ததும் அந்த நாடே மறைந்ததும் அவர் கண்முன் நடந்தன. அந்த ஆண்டின் குறிப்புகள் 1991இல் நூலாக வெளிவந்தன. மார்க்ஸின் பெயரால் ஆண்ட நாட்டில் மார்க்ஸைக் காணவில்லை என்ற விமர்சனம் அந்நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. சரியான கோட்பாட்டின் பெயரைச் சூட்டிக்கொண்ட நிறுவனம் அந்தப் பெயராலேயே விடுதலை அளித்துவிடாது என்ற எச்சரிக்கை, மாநாடுகளையும் மன்றங்களையும் பற்றிய அவருடைய பார்வையிலும் தொடர்கிறது.

5. பெர்லின் 2008: மூன்று படிகள்

2006இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீதியான நகரம் என்ற பொருளில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அதன் கட்டுரைகள் 2009இல் மார்க்யூஸும் அவருடைய இளைய சகாக்களும் தொகுத்த நூலாயின. திட்டமிடல் அறிஞர் சூசன் ஃபைன்ஸ்டைன் முன்வைத்த நீதியான நகரம் என்ற கருத்து, இருக்கும் பொருளாதார அமைப்புக்குள் பகிர்வைச் சீராக்க முயன்றது. பகிர்வோடு நின்றால் போதாது, அநீதியான பகிர்வை உண்டாக்கும் அதிகார உறவை மாற்ற வேண்டும் என்பது மார்க்யூஸின் பதில்.

2008 நவம்பரில் பெர்லினில், அவருடைய எண்பதாம் பிறந்தநாளையொட்டி, நகரத்தின் மீதான உரிமை பற்றிய மாநாடு நடந்தது. லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்து இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அமெரிக்க வீட்டுக்கடன்களிலிருந்து தொடங்கிய நெருக்கடி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அந்த மாநாட்டிலிருந்து 2009இல் ஓர் ஆய்விதழின் சிறப்பிதழும், 2012இல் நீல் பிரென்னர், மார்கிட் மையர் ஆகியோருடன் மார்க்யூஸ் தொகுத்த, லாபத்துக்காக அன்றி மக்களுக்காக நகரங்கள் என்று முழங்கும் நூலும் வெளிவந்தன.

அந்தச் சிறப்பிதழில் மார்க்யூஸ் எழுதிய கட்டுரை, விமர்சன நகரக் கோட்பாட்டைச் செயலோடு இணைக்க மூன்று படிகளை முன்வைக்கிறது. பிரச்சினையின் வேரை ஆராய்ந்து, தேவைப்படுவோருக்குப் புரியும்படி அம்பலப்படுத்துவது முதற்படி. பாதிக்கப்பட்டோருடன் சேர்ந்து மாற்றுத் திட்டங்களையும் இலக்குகளையும் முன்மொழிவது இரண்டாவது. அந்த முன்மொழிவை நிறைவேற்றத் தேவையான அரசியல் செயல்பாட்டைத் தெளிவுபடுத்தி, அமைப்பாவதற்குத் துணைநிற்பது மூன்றாவது. தன் சக அறிஞர்களிடையே கேள்விகளை எழுப்புவதையும் இந்த மூன்றாம் படியில் அவர் சேர்த்தார். மாநாட்டில் அறிஞருக்கு உள்ள இடம் இங்கேதான் வரையறுக்கப்படுகிறது.

நகரத்தின் மீதான உரிமை என்ற முழக்கம் பிரெஞ்சு மார்க்சியர் ஆன்றி லெஃபெவ்ர் 1968இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. யாருடைய உரிமை, என்ன உரிமை, எந்த நகரம் என்று மார்க்யூஸ் அதைப் பிரித்துக் கேட்டார். உணவும் கூரையும் இன்றித் தவிப்போருக்கு அது கோரிக்கை. வயிறு நிறைந்தும் வாழ்வில் அந்நியப்பட்டு நிற்போருக்கு அது ஏக்கம். இவ்விரு தரப்பும் இணைந்தால்தான் மாற்றத்துக்கான சக்தி பிறக்கும் என்று கருதினார். மாநாட்டு அரங்குகளை நிறைப்போரில் பெரும்பாலோர் இரண்டாம் தரப்பினர் என்பதால், முதல் தரப்பு எங்கே என்ற கேள்வி இந்தப் பகுப்பிலேயே உள்ளடங்கியிருக்கிறது.

அதே இதழில் மார்கிட் மையர் இன்னோர் ஆபத்தைச் சுட்டினார். பன்னாட்டு நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் இந்த உரிமையைச் சாசனங்களாகவும் பட்டியல்களாகவும் எழுதும்போது முழக்கத்தின் கூர்மை மழுங்குகிறது. முரண்படும் வர்க்கங்கள் மறைந்து, நகரவாசிகள் என்ற ஒரே கூட்டம் எஞ்சுகிறது என்பது அவருடைய கருத்து. மாநாட்டில் பிறக்கும் சொல், மாநாட்டின் வழியாகவே வலுவிழக்கவும் கூடும்.

6. உலக சமூக மன்றம் பற்றிய விவாதம்

2001 ஜனவரியில் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் உலக சமூக மன்றம் முதன்முதலாகக் கூடியது. டாவோஸில் ஆண்டுதோறும் கூடும் உலகப் பொருளாதார மன்றத்துக்கு எதிர்வினையாக, அதே நாட்களில் அது அமைந்தது. தொழிலாளர் கட்சி ஆண்ட அந்நகரம், வரவுசெலவுத் திட்டத்தை மக்கள் கூடித் தீர்மானிக்கும் முறையை 1989 முதல் நடைமுறைப்படுத்திப் பெயர்பெற்றிருந்தது. மன்றத்தின் கோட்பாட்டுச் சாசனம் அது ஒரு திறந்த சந்திப்பு வெளி என்கிறது. பங்கேற்பாளர் அனைவரின் பெயரிலும் எவரும் முடிவு அறிவிக்கலாகாது. கட்சிகள் கட்சிகளாகப் பங்கேற்கலாகாது. 2004 ஜனவரியில் மன்றம் முதன்முறையாகப் பிரேசிலுக்கு வெளியே, மும்பையின் கோரேகாவில் கூடியது. 2005இல் மீண்டும் போர்ட்டோ அலெக்ரேயில் கூடியபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

அந்த ஆண்டு மார்க்யூஸ் ஒரு பன்னாட்டு நகர ஆய்விதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: சமூக இயக்கங்களின் எதிர்காலம் சமூக மன்றங்களா? மன்றத்தின் வீச்சையும் அது எழுப்பிய நம்பிக்கையையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் மன்றம் வேறு, இயக்கம் வேறு என்ற வேறுபாட்டை வலியுறுத்தினார். இயக்கத்துக்கு எதிரி உண்டு, இலக்கு உண்டு, அதை நோக்கிய செயல்திட்டம் உண்டு. மன்றம் இயக்கங்கள் சந்திக்கும் இடம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கூடிக் கலைவதே செயல் என்று தோன்றிவிடும்.

கனடிய ஆய்வாளர் ஜேனட் கான்வே அதே இதழில் மறுப்பு எழுதினார். மன்றத்தைப் பழைய இயக்க அளவுகோலால் அளப்பது பொருந்தாது. பல்வேறு மக்களும் அறிவு மரபுகளும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் புதிய அரசியல் வெளி அது என்பது அவர் தரப்பின் சாரம். மன்றத்தை நிறுவியவர்களில் ஒருவரான சிகோ விட்டேக்கரும் இதற்கு இசைவான நிலையெடுத்தவர். மன்றம் ஊர்ச் சதுக்கத்தைப் போல யாருக்கும் சொந்தமின்றித் திறந்திருக்க வேண்டும், அது இயக்கமாக மாற முயன்றால் உடையும் என்று அவர் வாதிட்டார்.

அந்த அச்சம் காரணமற்றதல்ல. 2005 மன்றத்தின்போது 19 அறிவுஜீவிகள் 12 முன்மொழிவுகள் கொண்ட போர்ட்டோ அலெக்ரே அறிக்கையை வெளியிட்டனர். கையெழுத்திட்டவர்களில் பெண் ஒருவர் மட்டுமே. லட்சம் பேர் கூடிய இடத்தில் பத்தொன்பது பேர் எந்த அதிகாரத்தில் பேசினார்கள் என்ற கண்டனம் எழுந்தது. இலக்கு வேண்டும் என்ற மார்க்யூஸின் கோரிக்கையை இப்படி நிறைவேற்றினால், அது மேலிருந்து இறங்கும் திட்டமாகிவிடும். பாதிக்கப்பட்டோருடன் சேர்ந்து முன்மொழிவது என்ற அவருடைய இரண்டாம் படிக்கே அது முரணானது.

இடதுபுறத்திலிருந்தும் மன்றத்துக்கு எதிர்ப்பு இருந்தது. மும்பையில் மன்றம் நடந்தபோது, நெடுஞ்சாலையின் மறுபக்கத்திலேயே 'மும்பை எதிர்ப்பு 2004' என்ற எதிர்மாநாடு கூடியது. அரசியல் பொருளாதார ஆய்வுப் பிரிவு என்ற மும்பைக் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு, மன்றத்துக்கு வரும் வெளிநாட்டு அறக்கட்டளை நிதியையும், கோபத்தை வடியவிட்டுப் போராட்டத்தைத் தணிக்கும் அதன் தன்மையையும் கடுமையாக விமர்சித்தது. மார்க்யூஸின் விமர்சனம் இதோடு உரசிச் சென்றாலும் இதிலிருந்து வேறுபட்டது. மன்றத்தைப் புறக்கணிக்கச் சொல்வதை விட, அதன் பயனையும் எல்லையையும் வரையறுப்பதே அவருக்கு முக்கியம்.

7. ஒப்பீடு: பிரேசிலின் நகரச் சீர்திருத்தம்

மாநாட்டுப் பேச்சு சட்டமாகவும் அமைச்சகமாகவும் மாறிய ஒரு வரலாறு மார்க்யூஸின் அளவுகோலைச் சோதிக்க உதவும். பிரேசிலில் இராணுவ ஆட்சி முடிந்து புதிய அரசியலமைப்பு எழுதப்பட்ட 1987–88 காலத்தில், குடிசைவாசிகள் சங்கங்களும் தொழில்முறை அமைப்புகளும் திருச்சபைக் குழுக்களும் சேர்ந்து நகரச் சீர்திருத்தத்துக்கான மக்கள் திருத்தத்தைக் கையெழுத்துகளோடு முன்வைத்தன. அரசியலமைப்பு அவையில் அதை எடுத்துரைத்தவர் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத் திட்டமிடல் அறிஞர் எர்மினியா மாரிகாட்டோ. நகரக் கொள்கை பற்றிய 182, 183ஆம் பிரிவுகள் 1988 அரசியலமைப்பில் இடம்பெற்றன. அவற்றை நடைமுறைப்படுத்தும் நகரச் சட்டம் 2001இல் நிறைவேறியது. நிலத்தைத் தரிசாகப் போட்டு விலையேற்றம் பார்ப்போர் மீது ஏறுமுக வரி விதிக்க நகராட்சிகளுக்கு அது வழி கொடுத்தது. 1909இல் மார்ஷின் கோரிக்கைக்கு வாஷிங்டனில் கிடைக்காத இடம், அதன் ஒரு வடிவத்துக்குப் பிரேசிலில் கிடைத்தது.

2003இல் பிரேசில் அதிபர் லூலாவின் அரசு நகரங்கள் அமைச்சகத்தை உருவாக்கியது. ஒலிவியோ துத்ரா அமைச்சரானார். மாரிகாட்டோ அமைச்சகத்தின் நிர்வாகச் செயலாளராகவும், திட்டமிடல் அறிஞர் ராகெல் ரோல்னிக் தேசியச் செயலாளர்களில் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். அதே ஆண்டு முதல் தேசிய நகரங்கள் மாநாடு கூடியது. நகராட்சி அளவிலும் மாநில அளவிலும் கூட்டங்கள் நடத்தி, அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளைக் கொண்டு அது அமைந்தது. அதன் வழியே நகரங்கள் மன்றம் என்ற ஆலோசனை அவையும் ஏற்பட்டது. நியூயார்க் மாநாடுகளுக்கு இல்லாத இரண்டு பண்புகள் இதற்கு இருந்தன: பங்கேற்பாளர்கள் யாருக்கோ பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள், தீர்மானம் சென்று சேர ஓர் அலுவலகம் இருந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. 2005இல் கூட்டணிக் கணக்குகளால் அமைச்சகம் வலதுசாரிக் கட்சி ஒன்றின் கைக்குப் போனது. மாரிகாட்டோ அதே ஆண்டிலும் ரோல்னிக் 2007இலும் விலகினர். மாநாட்டின் வழியே வகுக்கப்பட்ட கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு, கட்டுமான நிறுவனங்களின் வேகத்துக்கு ஏற்ற மாபெரும் வீட்டுத் திட்டம் 2009இல் வந்தது. 2019இல் அமைச்சகமே கலைக்கப்பட்டு, 2023இல் மீண்டும் உருவாக்கப்பட்டது. இயக்கத்தின் அழுத்தம் இருந்தவரை மாநாடு அரசை நகர்த்தியது. அது தளர்ந்தபோது மாநாடுகள் தொடர்ந்தும் முடிவுகள் வேறிடத்தில் எடுக்கப்பட்டன. மன்றம் இயக்கத்துக்கு மாற்றாகாது என்ற மார்க்யூஸின் கருத்துக்கு இது ஆதரவான சான்று. ஆனால் அந்த இயக்கமே பல ஆண்டுகள் நீடித்த கூட்டங்கள், பயிலரங்குகள், வரைவுகளின் ஊடாகத்தான் உருவாயிற்று. அந்த வகையில் கான்வே தரப்பின் வாதத்துக்கும் இங்கே இடமுண்டு.

8. இடத்தின் மீது பற்று

2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் ஸுக்கோட்டி பூங்காவில் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்பு இயக்கம் கூடாரமடித்தது. நவம்பர் 15 அதிகாலை காவல்துறை அதை அகற்றியது. 83 வயதை எட்டிய மார்க்யூஸ் இந்த இயக்கத்தை வரவேற்று எழுதினார். அதே வேளை ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். பூங்காவைக் கைப்பற்றி வைத்திருப்பது பெரிய நோக்கத்துக்கான வழிமுறை. அந்த இடத்தைக் காப்பதே நோக்கமாகிவிட்டால், இடம் பறிபோகும் நாளில் இயக்கமும் போய்விட்டதாகத் தோன்றும். இடம் பற்றிய கல்வியையே தொழிலாகக் கொண்ட ஒருவர், இடத்தை வழிபடாதீர்கள் என்று சொன்னது கவனத்துக்குரியது.

மாநாடு பற்றிய அவருடைய நிலைப்பாட்டோடு இது ஒத்துப்போகிறது. பூங்காவும் அரங்கும் மக்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடங்கள். அங்கே பிறக்கும் தோழமை உண்மையானது. ஆனால் வாடகையை உயர்த்தும் சட்டம் மாநிலத் தலைநகரில் இயற்றப்படுகிறது. கடன் விதிகள் வங்கியில் வரையப்படுகின்றன. அந்த இடங்களை எட்டும் ஏற்பாடு இல்லாத கூட்டத்தின் சக்தி தன்னுள்ளேயே தேய்ந்துவிடும். டேவிட் மேடனுடன் இணைந்து 2016இல் அவர் வெளியிட்ட வீட்டுவசதி பற்றிய நூல் இந்த அக்கறையின் தொடர்ச்சி. வீடு சந்தைப் பண்டமாக்கப்படுவதை விளக்குவதோடு, குடியிருப்போர் இயக்கங்களின் வரலாற்றுக்கும் அந்நூல் இடமளிக்கிறது.

9. மதிப்பீடு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, திட்டமிடல் அறிஞர் அரசியல் மாநாட்டுக்குள் நுழைவதால் துறையின் நடுநிலை கெடுகிறது என்ற குற்றச்சாட்டு வரலாற்றோடு பொருந்தவில்லை. 1909 மாநாடு காட்டுவது போல, துறை பிறந்தபோதே நலன்களின் மோதல் அதற்குள் இருந்தது. எந்தத் தரப்பு வென்றதோ அதன் பார்வை பின்னாளில் தொழில்நுட்பம் என்ற பெயரைப் பெற்றது. மார்க்யூஸ் தம் சார்பை வெளிப்படையாக வைத்தார். இடப்பெயர்ப்பு பற்றிய அவருடைய வகைப்பாடு அரசியலில் அவரோடு உடன்படாதவர்களுக்கும் பயன்படும் ஆய்வுக் கருவியாக நிலைத்திருக்கிறது.

இரண்டாவது, மேடையில் பங்கேற்பதே செயல்பாடு என்ற மறுதரப்பின் நிறைவும் ஏற்கத்தக்கதல்ல. அம்பலப்படுத்தல், முன்மொழிதல், அரசியலாக்கல் என்ற மூன்றில் மாநாடு முதலாவதை நன்றாகச் செய்யும். இரண்டாவதை, பாதிக்கப்பட்டோர் அவையில் இருந்தால் மட்டுமே செய்யும். மூன்றாவதைத் தொடங்கிவைக்கலாம், முடித்துவைக்க முடியாது.

மூன்றாவது, மார்க்யூஸின் அளவுகோலுக்கும் ஒரு குறை உண்டு. உடனடி இலக்கையும் செயலையும் வைத்து அளந்தால், மெதுவாக உருவாகும் விளைவுகள் கணக்கில் வராமல் போகும். பிரேசிலில் 1988இன் இரண்டு அரசியலமைப்புப் பிரிவுகள் நடைமுறைச் சட்டமாகப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் நடந்த எந்த ஒரு கூட்டத்தையும் தனியே எடுத்தால் அது வெறும் பேச்சு என்றே தோன்றியிருக்கும். தனி மாநாட்டை அளப்பதை விட, மாநாடுகளின் தொடரையும் அந்தத் தொடரைத் தாங்கும் அமைப்பையும் சேர்த்து அளப்பதே பொருத்தமானது. இந்தத் திருத்தத்தைச் செய்துகொண்டால் மார்க்யூஸின் கேள்வி இன்றும் செல்லுபடியாகும். நகரம் பற்றிய எந்த இடதுசாரி அரங்கிடமும் மூன்று விவரங்களைக் கேட்கலாம்: இங்கே பேசப்படும் வீட்டில் குடியிருப்பவர் அவையில் இருக்கிறாரா, முடிவை எடுத்துச் செல்லப்போகும் அமைப்பு எது, அது யாருக்குப் பதில் சொல்லும்.